அலபாஸ்டரா, கிரீக் வில்லாவா? தேயிலை மலையைப் பார்த்த வீட்டுக்கு எந்த வெள்ளை

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு ஹார்ட்போர்ட் பலகைகள் ஒன்றரை மாதம் சுவரில் சாய்ந்து நின்றன. ஒன்றில் அலபாஸ்டர், மற்றதில் கிரீக் வில்லா, இரண்டும் வெள்ளைப் பெயின்ட் நிறங்களின் பெயர்கள். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு ரெண்டும் ஒண்ணுதானே என்றார்கள். அம்மா காலையில் கூட்டும்போது அவற்றை நகர்த்தி வைத்துவிட்டு, "என்னாத்துக்கு இம்புட்டு யோசிக்கிற, எதையாவது ஒண்ண அடி, எல்லாம் வெள்ளதானே" என்பார். வெள்ளைதான். ஆனால் ஜூன், ஜூலையில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா பக்கம் ஒரு வீட்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், பொருந்தாத வெள்ளை அடித்த அறை எப்படி இருக்கும் என்று. பகல் இரண்டு மணிக்கே லைட் போட வேண்டும், போட்ட பிறகும் சுவர் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வெளிறிப்போய் நிற்கும், ஏற்கெனவே குளிருகிற உடம்புக்கு இன்னும் கொஞ்சம் குளிரும்.

அதனால்தான் இந்த இரண்டு நிறங்களுக்கும் இடையில் இவ்வளவு நாள் செலவழித்தேன். இதே கேள்வியோடு யாராவது இருந்தால் என் அனுபவம் உதவட்டும். எல்லா அறைக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பதில் மாறும்.

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்துகிறேன். இரண்டும் ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நிறங்கள், 1866இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய பழைய கம்பெனி. அலபாஸ்டரின் எண் 7008, கிரீக் வில்லாவின் எண் 7551. அலபாஸ்டரை அந்த நிறுவனம் 2016ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்தது, அதற்குப் பிறகு இணையத்தில் வீட்டுப் படம் பார்க்கிற யாரும் அதைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. அலபாஸ்டர் என்பது ஒரு கல்லின் பெயர், வெளிச்சம் லேசாக ஊடுருவிப் போகிற, பால் போன்ற மென்மையான கல். பெயரைக் கேட்டாலே கொஞ்சம் அடக்கமான வெள்ளை என்று புரியும். கிரீக் வில்லா அதை விட ஒரு துளி வெளிச்சம் கூடியது, ஒரு துளி கதகதப்பும் கூடியது.

அந்தத் துளி எவ்வளவு என்று எண்ணில் பார்க்கலாம். ஒரு நிறத்தின் மேல் விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைப் பூச்சியத்திலிருந்து 100 வரை அளப்பார்கள், எல்.ஆர்.வி. என்று நிற அட்டையில் போட்டிருக்கும். அலபாஸ்டருக்கு 82, கிரீக் வில்லாவுக்கு 84. கணினித் திரையில் காட்டும் கணக்கில் அலபாஸ்டர் சிவப்பு 237, பச்சை 234, நீலம் 224; கிரீக் வில்லா சிவப்பு 240, பச்சை 236, நீலம் 226. இரண்டிலும் நீலம்தான் குறைவு, அதனால்தான் இரண்டும் மஞ்சள் பக்கம் சாய்ந்து, சுத்த வெள்ளையாக இல்லாமல் கதகதப்பாகத் தெரிகின்றன. சரி, அப்படியானால் வித்தியாசம் எங்கே? சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் பாருங்கள். அலபாஸ்டரில் அந்த இடைவெளி 3, கிரீக் வில்லாவில் 4. ஒரே ஒரு எண். அதாவது கிரீக் வில்லா மஞ்சளிலிருந்து ஒரு மயிரிழை செம்மஞ்சள் பக்கம் தள்ளி நிற்கிறது. இதை முதலில் பார்த்தபோது இதற்கா இவ்வளவு பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் தேயிலை மலைக்கு எதிரே இருக்கிற வீட்டில் அந்த ஒரு எண் நிறையவே பேசுகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு புள்ளி எல்.ஆர்.வி. வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண் பிடிக்கும், தனித்தனி அறையில் யாராலும் பிடிக்க முடியாது. வெளிச்சத்துக்காக மட்டும் கிரீக் வில்லாவை எடுக்க நினைப்பவர்கள் ஜன்னல் திரையைக் கொஞ்சம் அகலமாக ஒதுக்கிக் கட்டினாலே அதைவிடக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். சின்ன அறையில் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பல தடவை மோதித் திரும்புவதால் அந்த இரண்டு புள்ளி கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கதகதப்பான வெள்ளை ஏன் வேண்டும் என்று அம்மாவின் வயதுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு பழைய கதை போதும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் தீபாவளிக்கு முன்னால் காம்பராவுக்கு (அறைக்கு) சுண்ணாம்பு அடிப்பார்கள், சுண்ணாம்பில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார்கள். அடித்த அன்று பளிச்சென்று இருக்கும். நீலம் சேர்ந்தால் சுண்ணாம்பின் மஞ்சள் மறைந்து கண்ணுக்கு இன்னும் வெள்ளையாகத் தெரியும், காரணம் அவ்வளவுதான். வெயில் அடிக்கிற ஊரில் அது அழகு. இங்கே மூடுபனியும் மழை மேகமும் சேர்ந்து ஜன்னல் வழியாக அனுப்புகிற வெளிச்சமே நீலமும் சாம்பலும் கலந்தது, அதோடு சுவரிலும் நீலம் சேர்ந்தால் அறை இரண்டு மடங்கு குளிர்ந்துபோகும். இன்றைக்குக் கடையில் பிரிலியண்ட் வைட் என்று விற்கிறதை நேராக வாங்கி அடித்த எத்தனையோ புது வீடுகளில் அதேதான் நடக்கிறது. நீலத்தை எதிர்க்க மஞ்சள் பக்கம் சாய்ந்த வெள்ளை வேண்டும். (சுவரின் நிறம் அறையின் சூட்டை ஒரு டிகிரி கூட மாற்றாது, மனசுக்குத் தெரிகிற சூட்டைத்தான் சொல்கிறேன்.)

இனி இணையத்தில் எல்லோரும் சொல்கிற அந்த அறிவுரை. வடக்குப் பார்த்த அறைக்குக் கதகதப்பான நிறம் வேண்டும், தெற்குப் பார்த்த அறை எதையும் தாங்கும், எனவே வடக்கு அறைக்கு கிரீக் வில்லா, தெற்கு அறைக்கு அலபாஸ்டர். படித்துவிட்டு நானும் போனில் திசைகாட்டியைத் திறந்து அறை அறையாக நடந்தேன். பிறகுதான் உறைத்தது, அதை எழுதியவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே நிற்கும், வடக்கு ஜன்னல் நேர் வெயிலை அநேகமாகப் பார்க்கவே பார்க்காது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு டிகிரியை ஒட்டி. ஏப்ரல் முதல் பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும், டிசம்பரில்தான் நன்றாகத் தெற்கே சாயும். எனவே வடக்கு அறை குளிர்ந்தது, தெற்கு அறை சூடானது என்ற கணக்கு இங்கே உதவாது. இங்கே கேட்க வேண்டியது கிழக்கா மேற்கா என்பதைத்தான். அதைவிட முக்கியமாக, எதிரே மலை எவ்வளவு கிட்ட நிற்கிறது? எங்கள் வீடு சரிவில் வெட்டிச் சமப்படுத்திய ஏழு பேர்ச்சஸ் காணியில் நிற்கிறது, 550 சதுர அடி வீடு, பிற்பாடு ஓர் அறை கூட்டியது. பின்பக்கம் மண் வெட்டிய கரை, ஜன்னலிலிருந்து ஆறடி. அந்த அறைக்குத் திசையே கிடையாது. வானம் ஒரு துண்டு, மிச்சமெல்லாம் பாசி பிடித்த கரை. எந்தத் திசைகாட்டி அதைச் சொல்லும்?

முன்பக்கம் வேறு கதை. இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) நின்றால் நேரே தேயிலை மலை. மேகம் விலகி வெயில் அடிக்கும்போது அந்த மலை ஒரு பெரிய பச்சைக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அறைக்குள் அனுப்புகிறது. வெள்ளைச் சுவர் அதை வாங்கிக்கொள்ளும், கதகதப்பான வெள்ளைக்கும் விலக்கு இல்லை. மேலே சொன்ன அந்த ஒரு எண் இங்கேதான் வேலை செய்கிறது. அலபாஸ்டர் சுத்த மஞ்சள் பக்கமாக இருப்பதால் மேலே பச்சை விழுந்ததும் லேசான இளம்பச்சை, சொல்லப்போனால் பழுக்கத் தொடங்காத எலுமிச்சைத் தோலின் வெளிறிய நிழல் மாதிரி ஆகிவிட்டது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் அப்படியே இருந்தது. கிரீக் வில்லாவில் கூடுதலாக இருக்கிற அந்தச் சிவப்பு பச்சையைக் கொஞ்சம் அடித்துவிடுகிறது, சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தின்னும் நிறங்கள். அதே நேரத்தில் அந்தப் பலகை வெள்ளையாகவே நின்றது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது, ஆனால் தெரிந்த பிறகு அலபாஸ்டரைத் தனியாகப் பார்த்தாலும் அந்தப் பச்சை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு, இணையத்தில் யாரும் எழுதாதது. எதிர் மலையில் கவ்வாத்து வெட்டினால் எல்லாம் மாறிவிடும். சில வருடத்துக்கு ஒரு முறை ஒரு மலையை வெட்டுவார்கள், அப்போது கொழுந்தும் இலையும் போய் வெறும் தடித்த குச்சியும் மண்ணும் மட்டும் தெரியும், மறுபடி துளிர்த்து மூடச் சில மாதம் ஆகும். அந்தச் சமயத்தில் பார்த்து நிறம் தெரிவு செய்தால் பச்சை உங்கள் கணக்கில் வராமலே போய்விடும். நாங்கள் பலகை வைத்தபோது மலை முழுப் பச்சையில் இருந்தது அதிர்ஷ்டம். உங்கள் எதிர் மலை இப்போது வெட்டியிருந்தால், மேலே சொன்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள், ஏனென்றால் அடிக்கப்போகிற பெயின்ட் அடுத்த கவ்வாத்து வரைக்குமாவது இருக்கும்.

மூடுபனி நாளில் கதை மறுபடி மாறுகிறது. பனி இறங்கி எதிர் மலையே தெரியாமல் போகும்போது பச்சை போய்விடும், எல்லாப் பக்கமிருந்தும் நிழலே விழாத ஒரு வெளிறிய வெளிச்சம் வரும். அப்போது அலபாஸ்டர் கொஞ்சம் மங்கி, ஈரச் சீமெந்து உலர்ந்த மாதிரி ஒரு சாம்பல் சாயலுக்குப் போகிறது. அசிங்கமில்லை. சிலருக்கு அந்த அமைதி பிடிக்கும், என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது. கிரீக் வில்லா அந்த வெளிச்சத்திலும் பால் காய்ச்சினால் மேலே படிகிற ஆடையின் நிறத்தை விடுவதில்லை. வருடத்தில் எத்தனை நாள் பனி என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு இதுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது.

லைட்டைப் பற்றிப் பேசாமல் பெயின்ட் தெரிவு செய்தால் பாதி வேலைதான் செய்ததாக அர்த்தம். நம் பக்கம் அநேக வீடுகளில் 6500 கெல்வின் எல்.இ.டி. பல்புதான், பெட்டியில் டே லைட் என்றோ கூல் டே லைட் என்றோ போட்டிருக்கும், நீல வெள்ளை வெளிச்சம். அதன் கீழே அலபாஸ்டர் வெறும் வெள்ளையாகிவிட்டது, பணம் கொடுத்து வாங்கிய கதகதப்பில் எதுவும் மிஞ்சவில்லை. கிரீக் வில்லாவில் கொஞ்சம் மிஞ்சியது. 3000 கெல்வின் வார்ம் வைட் பல்பை மாட்டிப் பார்த்தபோது தலைகீழ். அலபாஸ்டர் மிக அழகாக, குத்துவிளக்கு ஏற்றிய சாமியறை மாதிரி மென்மையாக இருந்தது, கிரீக் வில்லா வெண்ணெய் பூசிய மாதிரி மஞ்சளடித்துவிட்டது. இரவில் அதிக நேரம் இருக்கிற அறையாக இருந்தால் பல்பை முதலில் தீர்மானியுங்கள், அப்புறம் பெயின்ட். பல்பு மாற்றுவது பெயின்ட் மாற்றுவதை விட எத்தனையோ மடங்கு மலிவு, எனவே சுவர் உங்களுக்குப் பிடிக்காமல் போனால் மறுபடி பெயின்ட் வாளியைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு பல்பை மாற்றிப் பார்க்கலாம்.

தரையையும் மறக்காதீர்கள். எங்கள் முன்னறையில் சாம்பல் டைல்ஸ், அம்மாவின் அறையில் பழைய மாதிரி சிவப்புச் சீமெந்து, மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக வெளிச்சம் அந்தச் சிவப்பில் விழுந்து சுவரின் கீழ்ப் பாதிக்கு ஏறும்போது கிரீக் வில்லா ரோஸ் நிறமானது. லேசாகத்தான், ஆனால் இடுப்பளவு உயரத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று தெரிந்தது. அலபாஸ்டர் அங்கே நன்றாக அடங்கிப்போனது. எனவே முன்னறையில் கிரீக் வில்லாவுக்குக் கை கொடுத்த அதே சிவப்பு அம்மாவின் அறையில் அதன் காலை வாரிவிட்டது. அங்கே நான் அலபாஸ்டருக்கு ஓட்டுப் போட்டேன், அம்மாவும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக "ஆமா, வித்தியாசம் இருக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அக்கா பண்டாரவளையில் இருக்கிறார். அவரும் இதே நேரத்தில் பெயின்ட் அடிக்கப்போனதால் ஒரு நல்ல ஒப்பீடு கிடைத்தது. ஹட்டனும் பண்டாரவளையும் ஏறத்தாழ ஒரே உயரம், இரண்டும் 1,200 மீற்றரைக் கொஞ்சம் தாண்டியவை, ஆனால் வானம் வேறு வானம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்த்துவிட்டு பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் வெறும் காற்றாகப் போய்ச் சேரும். நாங்கள் ஸ்வெட்டரோடு ஈரத் துணியை அடுப்புப் பக்கத்தில் தொங்கவிடும்போது அக்கா வீட்டில் பளபளவென்று வெயில். அவர்களுக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து. அக்கா வீட்டு முன்னறை மேற்குப் பார்த்தது, நாலு மணி வெயில் அறையின் உள்ளே வரைக்கும் வந்து சுவரில் ஏறி நிற்கும். என் பலகைகளைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய் அங்கேயும் வைத்துப் பார்த்தோம். மாலை வெயிலில் கிரீக் வில்லா பழுத்த பீச்சஸ் நிறத்துக்குப் போய்விட்டது, அக்கா பார்த்தவுடனே "இது வேணாம், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றார். அலபாஸ்டர் அதே வெயிலில் கிரீமாக, கண்ணுக்கு இதமாக நின்றது. காலையில் வெயில் இல்லாத நேரத்திலும் அங்கே வெளிச்சம் போதுமானதாக இருந்ததால் சாம்பல் சாயல் வரவில்லை. எனவே அக்காவுக்கு அலபாஸ்டர், ஐந்து நிமிடத்தில் முடிவு. எனக்குத்தான் ஒன்றரை மாதம்.

சீலிங்கை மறந்து பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் சீலிங் ஷீட் வெள்ளையாகவே வரும், இல்லாவிட்டால் பிரிலியண்ட் வைட் அடித்துவிடுவார்கள். அந்தச் சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் எந்தக் கதகதப்பான வெள்ளையும் கொஞ்சம் அழுக்காகத்தான் தெரியும், அலபாஸ்டர் இன்னும் அழுக்காக. முடிந்தால் சீலிங்குக்கும் அதே நிறத்தை அடித்துவிடுங்கள், தாழ்ந்த கூரை கூட உயர்ந்த மாதிரி இருக்கும். கதவு நிலைக்கு வார்னிஷ் போட்ட மரம் என்றால் இரண்டு நிறமும் பொருந்தும், அதில் தலையை உடைக்க வேண்டாம்.

இனி வாங்குகிற கதை. எங்கள் ஊர்க் கடைகளில் அந்த அமெரிக்கக் கம்பெனியின் டின்னை நான் பார்த்ததில்லை. கடைகளில் நிறம் கலக்கும் மெஷின் இருக்கிறது, வேறு கம்பெனியின் நிற எண்ணைச் சொன்னால் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்து அதற்குக் கிட்டத்தட்டக் கலந்து தருவார்கள், இல்லாவிட்டால் அட்டையை ஒரு கருவியில் வைத்து அளந்து கலப்பார்கள். கிட்டத்தட்ட என்ற அந்தச் சொல்லில்தான் நான் மாட்டினேன். முதல் கடையில் கலந்து தந்த கிரீக் வில்லா கடை லைட்டில் அட்டையோடு அச்சாகப் பொருந்தியது, வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் வெளிறிய ரோஸ். ஒரு லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் இன்னொரு லைட்டில் பிரிந்துபோகும், ஏனென்றால் உள்ளே போட்ட சாயங்கள் வேறு. கடையில் இருந்த பையனிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன், "அக்கா, மெஷின்ல அதே நம்பர்தான் அடிச்சேன்" என்றான், அவன் பொய் சொல்லவும் இல்லை. இரண்டாவது கடையில் ஒரு லீற்றர் மட்டும் கலக்கச் சொல்லி, ஒரு துளியைக் குச்சியால் அட்டையின் மேலேயே தடவி, ஹெயார் டிரையரால் காயவைத்து, கடைக்கு வெளியே நடைபாதையில் நின்று வானத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பொருந்தியது. அப்புறம்தான் மிச்சத்தை ஒரே தடவையில், ஒரே பேஸில் (சாயம் சேர்க்காத அடிப்படைப் பெயின்டில்) கலக்கச் சொன்னேன். இரண்டு தடவையாக வாங்கினால் இரண்டு நிறமாக வர வாய்ப்பு இருக்கிறது, இவ்வளவு நெருக்கமான நிறங்களில் அதுவே அலபாஸ்டருக்கும் கிரீக் வில்லாவுக்கும் உள்ள தூரத்தைவிடக் கூடுதலாகிவிடும். கலக்கிய சீட்டை டின்னிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதை நான் செய்த மாதிரியே சொல்கிறேன். போன் திரையை நம்பவே வேண்டாம், என் போனில் அலபாஸ்டர் மஞ்சளாகவும் வீட்டுக்காரர் போனில் அதே படம் சாம்பலாகவும் தெரிந்தது. பழைய சுவரில் நேராக இரண்டு திட்டு அடித்துப் பார்ப்பதும் சரிவராது, பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றும், எங்கள் சுவரில் பழைய இளநீலம் இருந்ததால் இரண்டுமே கிழங்கு மஞ்சளாகத் தெரிந்தன. இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்ட் பலகை இரண்டு வாங்கி, பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும், நம் ஊர்க் குளிரில் காய நேரமும் கூடுதலாக எடுக்கும், எனவே அடித்த அன்று முடிவெடுக்கக் கூடாது. அப்புறம் பலகையைச் சுவரோடு சுவராக நிமிர்த்தி வையுங்கள், தரையில் படுக்கவைத்தால் சீலிங் வெளிச்சம் விழுந்து வேறு நிறம் காட்டும். காலை ஏழு மணி, நடுப்பகல், நாலு மணி, இரவு லைட்டில் என்று ஒரு நாளில் நாலு தடவை, அதில் ஒரு பனி நாளும் ஒரு வெயில் நாளும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு மூலையில் வைத்தும் பாருங்கள், மூலையில் சுவர் சுவரையே பார்ப்பதால் நிறம் கூடும்.

மினுமினுப்பு விஷயத்தில் என் கருத்து உறுதியானது. இந்த நிறங்களுக்கு மட் (மினுப்பே இல்லாதது) அல்லது கழுவக்கூடிய மட். பளபளப்பான பெயின்ட் ஜன்னலையும் வெளியே உள்ள பச்சையையும் சுவரில் காட்டும், கரண்டி பிடித்த மேசன் பாஸின் ஒவ்வொரு கைத்தடத்தையும் காட்டும். அடுப்படிக்கு மட்டும் துடைக்கிற மாதிரி கொஞ்சம் மினுப்பு வேண்டும், அங்கே மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி) எரிகிற புகை இருக்கிறவரை எந்த வெள்ளையும் ஒரு வருடத்தில் தானாகவே கிரீக் வில்லாவைத் தாண்டிப் போய்விடும்.

ஈரச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. கரைப் பக்கச் சுவரில் தண்ணீர் கசிந்தால் முதலில் அதைப் பாருங்கள், கரையோரம் கான் (வடிகால்) வெட்டுங்கள், கறுப்புப் புள்ளி பூத்த பூசணத்தைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள், புதுப் பூச்சு என்றால் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள், சீமெந்தின் காரம் அடங்காவிட்டால் நிறத்தையே தின்றுவிடும். ஹட்டன் பக்கத்தில் வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, சிவனொளிபாதமலை சீசனில் ரோடெல்லாம் பஸ் நிற்கிற நாட்கள். எல்லோரும் தீபாவளிக்கு முன்னால் அவசரமாக அடிக்கிறோம், அது அடைமழைக் காலம். பொங்கலுக்கு அடித்தால் சுவருக்கும் நல்லது.

நாங்கள் கடைசியில் பிரித்து அடித்தோம். முன்னறைக்கும் இஸ்தோப்புச் சுவருக்கும் கிரீக் வில்லா, தேயிலை மலையும் பனியும் நேரே பார்க்கிற இடங்கள். கரைப் பக்க அறைக்கும் கிரீக் வில்லாதான், அதோடு 4000 கெல்வின் பல்பு, இரண்டுக்கும் நடுவிலானது, அந்த அறைக்கு அதுதான் ஒத்துவந்தது. அம்மாவின் சிவப்புத் தரை அறைக்கு அலபாஸ்டர், வார்ம் வைட் பல்பு. இரண்டு அறைக்கும் இடையிலுள்ள வாசலில் நின்று பார்த்தால் ஒரே வீட்டு நிறமாகத்தான் தெரிகிறது, நிறம் மாறுகிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, பெயின்ட் அடித்த பாஸைத் தவிர. அவர் மட்டும் இரண்டு வாளியையும் திறந்துவைத்துக்கொண்டு, "அக்கா, எது எந்த ரூமுக்குன்னு மூடியில எழுதிக் குடுங்க, எனக்குக் கண்ணு பிடிக்கல" என்றார். எழுதிக் கொடுத்தேன். நீங்களும் எழுதிவிடுங்கள், மூடியில் இல்லை, வாளியில். மூடி மாறிப்போகும்.